ரத்து, வாபஸ், பழம்

1

போன வாரத்தோடு என் இந்தியப் பாஸ்போர்ட் ரத்தாகி ஒரு வருடம் ஆகிறது. திதி மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய நாள் இல்லை அது. ஆனால் என் செல்போனுக்கு அந்த இங்கிதமெல்லாம் கிடையாது. காலை டியூட்டிக்குக் கிளம்பி, பஸ் நிறுத்தத்தில் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது, "போன வருடம் இதே நாளில்" என்று ஒரு படத்தைத் தானாக எடுத்து நீட்டியது. நீல அட்டை, ஒரு மூலை கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கிறது. உள்ளே, என் முகத்தை ஒட்டி, "கேன்சல்டு" என்று பெரிய முத்திரை.

அந்த முகம் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. சிரிக்கக் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் கண்டிஷன் போட்டார். என் தம்பி சேகர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கோணங்கித்தனம் செய்ததில், நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது அப்படியே படத்தில் விழுந்துவிட்டது. பாஸ்போர்ட்டைப் பார்க்கிற ஒவ்வொரு அதிகாரியும் இந்தப் பெண்ணுக்குப் பல்வலியோ என்று ஒரு நொடி யோசிப்பார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் இங்கே ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். வந்து எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கினால் நம் நாட்டுப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். இரண்டு குதிரையில் சவாரிக்கு நம் சட்டத்தில் இடமில்லை. நம் தூதரகத்துக்காரர்கள் முத்திரை குத்தி, மூலையை வெட்டி, ஞாபகார்த்தமாக நம்மிடமே திருப்பித் தந்துவிடுவார்கள். நான் ஒன்றும் ஆசைப்பட்டு ஓடவில்லை. என் மகள் யாழினியின் வகுப்பு இங்கிலாந்துக்குச் சுற்றுலா போனது. வகுப்பில் விசா வேண்டியிருந்தது அவள் ஒருத்திக்குத்தான். அது நேரத்துக்கு வரவில்லை. எல்லாரும் பஸ் ஏறிப் போக, பிள்ளை பக்கத்து வகுப்பில் உட்கார்ந்து படம் வரைந்துவிட்டு வந்தாள். அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் முடிவெடுத்தோம், முதலில் எனக்கும் பிள்ளைக்கும் வாங்கிவிடுவது என்று.

கவுன்ட்டரில் அந்த நீலப் புத்தகத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். உள்ளே இருந்தவர் டக்கென்று முத்திரை குத்தினார், கறுக்கென்று வெட்டினார், திரும்பத் தள்ளினார். அடுத்த டோக்கன். வெட்டுப்பட்ட மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நகர்ந்தேன்.

வெளியே வந்ததும் யாழினி அதைப் படம் எடுத்து, எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டாள். அவள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள். அந்த வாரம்தான் "மழையால் ஆட்டம் ரத்து செய்யப்பட்டது" என்று ஒரு பாடம் நடந்திருக்கிறது. புதுச் சொல் கைக்கு வந்த சந்தோஷத்தில், படத்துக்கு அடியில் இப்படி எழுதினாள்:

"அம்மா இந்தியாவை ரத்து செய்துவிட்டார்."

கூடவே கேக் பொம்மை, பலூன் பொம்மை, கைதட்டும் பொம்மை.

2

பத்து வயதுப் பிள்ளையின் வாக்கியம். நீங்களாக இருந்தால் சிரித்திருப்பீர்கள். மதுராந்தகத்துச் சித்தப்பா சிரித்தார். கேளம்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருக்கும் என் நாத்தனார் வாழ்த்துச் சொன்னாள். நான் பதறிப்போய் அழிக்கச் சொல்ல, யாழினி அழித்தாள். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று அந்த இடத்தில் ஒரு வரி வந்து நின்றது. கோலத்தை அழித்தாலும் தரையில் வெள்ளை தெரியுமே, அந்த மாதிரி. அதற்குக் கீழேயே அடுத்த வரி: சேகர் குழுவிலிருந்து வெளியேறினார்.

பின்னாலேயே எனக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"யக்கா, நல்லா கேட்டுக்க. ஸ்டேசனுக்கும் ஸ்டுடியோவுக்கும் அலைஞ்சது நானு. போலீஸ்காரு விசாரணைக்கு வந்தப்போ சாட்சிக்கு ஆளப் புட்சாந்தது நானு. அத்த நீ வெட்டிக் குட்த்துட்டு கேக்கு துன்னுகினு கீற. நீ ஊர கேன்சல் பண்ட்ட இல்ல? நான் உன்ன தல முயுகிட்டேன். இனிமேட்டு எனுக்கு அக்கா கெடையாது. அவ்ளோதான்."

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: "போன் பண்ணாத. பண்ணாலும் எடுக்க மாட்டேன்."

அடப்பாவி என்று இருந்தது. கேக் தின்றது நான் இல்லை, பொம்மை என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டுமே! போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இளையவன். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். அவன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பாஸ்போர்ட்டுக்காக நான் அலைந்ததைவிட அவன் அலைந்ததுதான் அதிகம். நான் செங்கல்பட்டில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். மழையிலும் வெயிலிலும் செய்யூருக்கும் செங்கல்பட்டுக்கும் வண்டியை விரட்டிக்கொண்டு போனவன் அவன். புத்தகம் தபாலில் வந்த அன்று, தெருவில் வீடு வீடாக எடுத்துப் போய்க் காட்டினான். பிறந்த ஊர் என்கிற இடத்தில் "செய்யூர்" என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து, "கெவுர்மென்ட்டே ஒத்துகினான்பா நம்ப ஊர!" என்று சத்தம் போட்டான். அந்தப் புத்தகம்தான் வெட்டுப்பட்டது. அவனுக்கு வலிக்கும்தான். ஆனால் எனக்கும் வலிக்கும் என்று அவனுக்கு ஏன் தோன்றவில்லை? அந்தக் கோபம் எனக்கு.

3

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு முடிவைக் கலைக்க எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன தெரியுமா? நமக்குக் கேன்சல் என்றால் எல்லாம் கேன்சல்தான். கல்யாணம், ரயில், டாக்டர், சினிமா எதுவானாலும் அதே சொல். இங்கே அப்படிப் பேசினால் வேலைக்கு ஆகாது. பார்க்க வருவதாகச் சொன்னதை வரவில்லை என்று சொல்ல ஒரு சொல். பதிவு செய்த டிக்கெட்டுக்கு ஒன்று. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற ஒன்று. வேலையையோ வீட்டையோ விட்டு விலகுவதற்கு இன்னொன்று. அந்தக் கடைசிச் சொல் "கூண்டிகன்". நம் ஊர்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மொழி வகுப்பில் அந்தச் சொல் வந்த நாளில், நானும் ஒரு திருநெல்வேலிப் பெண்ணும் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்ததில், டீச்சர் எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்துவிட்டார்.

அதனாலேயே எனக்கு அந்தச் சொல் மட்டும் மனதில் பசக்கென்று ஒட்டிக்கொண்டது. மற்றவை நழுவிவிட்டன.

சேகர் என்னைத் தலைமுழுகிய வாரம், எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுதல் டியூட்டிக்கு ஒத்துக்கொண்டிருந்தேன். முடியாது என்று சொல்லலாமென்று எங்கள் வார்டுத் தலைவி கார்லாவிடம் போனேன். நல்ல மனுஷி, என்னைவிட இரண்டு மடங்கு உயரம். அவளிடம் நிமிர்ந்து நின்று, "கார்லா, நான் கூண்டிகன் செய்கிறேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள். காபி கொண்டுவந்து கொடுத்தாள். "யார் உன்னை என்ன சொன்னார்கள்? சம்பளமா? மாடியில் இருக்கிறாரே அந்தத் தாத்தாவா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஏன் இத்தனை துக்கம்? கடைசியில் "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்" என்று நான் சொன்னதும், நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

"நல்ல வேளை, வாயால் சொன்னாய்" என்றாள். "எங்கள் சட்டத்தில் வேலையை விடுவதாக வாயால் சொன்னால் செல்லாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் சிக்கல். அப்புறம் நீயாக நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது."

"திரும்ப வாங்கவே முடியாதா?"

"முடியும். ஆனால் வேண்டாம் என்கிற செய்தி, முதல் செய்திக்கு முன்னாலேயோ அதோடு சேர்ந்தேயோ வந்து சேர வேண்டும். பிந்திவிட்டால், வாங்கிக்கொண்டவர் சம்மதித்தால்தான் உண்டு."

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது இதையே போட்டுக் குழப்பிக்கொண்டு வந்தேன். வாயால் சொன்னால் செல்லாதாம்! நம் ஊரில் தலைகீழ். எழுதிக் கொடுத்ததை எப்படியும் மாற்றலாம். வாய் விட்டுச் சொன்னதுதான் நிற்கும். தலைமுழுகினேன் என்று ஒருவன் சொன்னால், அவன் செத்தாலும் அந்தச் சொல் தெருவில் இருக்கும். சேகர் சொன்னது வாயாலா, எழுத்தாலா? வாய்ஸ் மெசேஜ் எந்தக் கணக்கில் வரும்? கார்லாவிடம் கேட்டால் அதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பாள். கேட்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, சொன்ன சொல்லைக் கலைக்க நம்மிடமும் வார்த்தை இல்லாமல் இல்லை. தேர்தலில் வாபஸ், கோர்ட்டில் தள்ளுபடி, ரயிலுக்கு ரத்து. அதெல்லாம் பேப்பரில் வருவது. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது: "சும்மனாங்காட்டியும் சொன்னேன்பா." எப்பேர்ப்பட்ட பேச்சையும் அந்த ஒரு வரி துடைத்துவிடும். கொலை செய்துவிடுவேன் என்று சொன்னவன்கூட மறுநாள் அதைச் சொல்லி டீக்குக் கூப்பிடுவான். அந்த ஒரு வரிக்காக நான் தை மாதம் வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை.

4

சேகர் இப்படிப் பேசாமல் இருப்பது எனக்குப் புதிதும் இல்லை. சின்ன வயதில் மாதத்துக்கு ஒரு தடவை அவன் என்னோடு காய் விடுவான். சுண்டு விரலைக் காட்டி "காய்!" என்றால் பேச்சு முறிந்தது. இரண்டு விரலை நீட்டினால் பழம், சேர்த்தி. இது உங்கள் தெருவிலும் இருந்திருக்கும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. காய் விட்டவர்தான் முதலில் விரல் நீட்டிக் கேட்க வேண்டும். மற்றவர் அதைத் தொட்டு, பழம் என்று வாயால் சொல்ல வேண்டும். காய் விடப்பட்டவர் தானாகப் போய் விரலை நீட்டினால் செல்லாது. செல்லாதது மட்டுமில்லை, மானக்கேடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ழ கிடையாது. மழை மயை, கிழவி கெயவி, வாழைப்பழம் வாயப்பயம். ஆகவே காய்க்குச் சேர்த்தி பயம்தான். "பயமா?" என்று விரலை நீட்டுவான். "பயம்" என்று நான் தொடுவேன். நிஜமான பயத்துக்கும் அதே சொல்தான். எங்களுக்குள் அதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

நர்ஸிங் படிக்க நான் செங்கல்பட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்றுகூட அவன் காய்தான். நான் போவது பிடிக்கவில்லை என்று முந்தின வாரமே விட்டது. "அவளுக்கு சோறு போடு", "அவள நவுரச் சொல்லு" என்று அம்மா வழியாகவே பேசிக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பி நகர்ந்த பிறகு, கூடவே ஓடிவந்து ஜன்னல் கம்பிக்குள் இரண்டு விரலை விட்டான். தொட்டேன். அந்த விரலை நான் பிடித்துக்கொண்டு விட மறந்ததில், கொஞ்ச தூரம் கூடவே ஓடினான்.

அந்த ஹாஸ்டலில்தான் எனக்கு ழ வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நான் வாயைத் திறந்தாலே சிரிப்பாள். ராத்திரியெல்லாம் நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். பிறகு என் பெண்ணுக்கு யாழினி என்று பெயர் வைத்ததும் அந்த வீம்பில்தான். சேகருக்கு அவள் பிறந்த நாளிலிருந்து யாயினி. இவளோ சனிக்கிழமைப் பள்ளியில் ழகரத்துக்குப் பரிசு வாங்கியவள். போனில் "யாழினி, மாமா! ழ, ழ" என்று அவனைத் திருத்துவாள். "சரிம்மா யாயினி" என்பான்.

5

பங்குனி மாதத்தில் யாழினி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் தோழிகள் எல்லாரும் காது குத்திக்கொண்டுவிட்டார்களாம். கடைவீதியில் ஒரு நகைக் கடையில் மிஷினால் குத்துகிறார்களாம். சனிக்கிழமைக்கு அவளே நேரம் பதிந்துவிட்டாள். தாய் கையெழுத்து மட்டும் வேண்டுமாம்.

பத்து வயதுவரை ஏன் காது குத்தவில்லை என்று கேட்பீர்கள். நாங்கள் விட்டுவைக்கவில்லை, அது தள்ளிக்கொண்டே போனது. கைக்குழந்தையாக இருந்தபோது மஞ்சள் காமாலை வந்து பிழைத்தாள். குலதெய்வத்துக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறேன் என்று அப்போது நான்தான் வேண்டிக்கொண்டேன். நாள் குறித்த நேரத்தில் எனக்கு ஜெர்மனி விசா வந்துவிட்டது. பிறகு டிக்கெட் எடுத்தபோது கொரோனாவில் விமானம் ரத்து. அடுத்த தடவை என் வீட்டுக்காரருக்கு லீவு ரத்து. அப்புறம் பாஸ்போர்ட், இந்தக் காய்.

நம் வழக்கத்தில் காது குத்துவது மாமன் மடியில். மடியில் உட்கார்த்தி வைத்துக் குத்தினால்தான் பிள்ளைக்கு மாமன் இருக்கிறான் என்று அர்த்தம். கடையில் குத்திவிட்டால் முடிந்தது. முடிவைக் கலைக்க எத்தனை வார்த்தைகள் இருந்தாலும், குத்திய காதைக் குத்தாத காதாக்க எந்த மொழியிலும் வார்த்தை கிடையாது. அந்த மடி யாழினிக்கு அப்புறம் எப்போதும் இல்லை.

கையெழுத்துப் போடாமல் சேகர் மனைவி தேவிக்குப் போன் போட்டேன். தேவியிடம் எனக்குச் சண்டை இல்லை. விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினேன்.

"அயாதீங்கண்ணி" என்றாள். "அவுரு அப்டித்தான் கீறாரு. நீங்க போன் அட்ச்சா எடுக்க மாட்டாரு. ஆனா கட்டும் பண்ண மாட்டாரு, தெரியுமா? முயுசா அட்ச்சி ஓயற வரிக்கும் உங்க பேரையே பாத்துகினு ஒக்காந்துனு இருப்பாரு."

"தல முயுகிட்டேன்னு சொல்லிட்டானே தேவி."

என்னையறியாமல் நானும் முயுகிட்டேன் என்றுதான் சொன்னேன்.

"அடப் போங்கண்ணி! ஒரு தபா தல முயுகினா அத்தோட ஆச்சா? நாலு நாள் போனா மறுபடி எண்ண வெச்சி அயுக்கு ஏறாது?"

பின்னால் அவன் குரல் கேட்டது. அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வேன் ஹாரனுக்கு மேலே பேசிப் பழகியவன். "கடைல கிடைலெல்லாம் குத்த வாணாம்னு சொல்லு. மாமன் மடி ஒண்ணும் கேன்சல் ஆவல. கேன்சல் ஆனது அவங்கம்மா மட்டும்தான்னு சொல்லு."

தேவி அதைத் திருப்பிச் சொல்லத் தேவை இருக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. மடி பிழைத்ததே என்கிற நிம்மதியும் வந்தது. மூன்றையும் சேர்த்து, "ஆவணியில வரோம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். பிறகு யாழினியைச் சமாதானப்படுத்தி, அந்த நகைக் கடைக்குப் போன் செய்து, இந்தத் தடவை சரியான சொல்லைப் போட்டுச் சனிக்கிழமையை ரத்து செய்தேன். கடைக்காரப் பெண் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டாள்.

6

சென்னை விமான நிலையத்தில் நானும் யாழினியும் வெளிநாட்டவர் வரிசையில் நின்றோம். என் வீட்டுக்காரர் இன்னும் பழைய நீலப் புத்தகம்தான், அடுத்த வரிசையில் ஜம்மென்று போய்விட்டார். அதிகாரி என் புதுப் பாஸ்போர்ட்டைப் புரட்டி, பிறந்த ஊரைப் பார்த்து, "செய்யூரா? எங்க மாமியாரு வூடு பவுஞ்சூர்ம்மா" என்று சொல்லிக்கொண்டே முத்திரை வைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியே சேகர் நின்றிருந்தான். கொஞ்சம் தொந்தி வைத்திருந்தான். ஓடிவந்து யாழினியைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. என் பெட்டியை என் கையிலிருந்தே வாங்கினான், என் முகத்தைப் பார்க்காமல்.

"யாயினி, உங்கம்மாவ நடு சீட்ல ஒக்கார சொல்லு. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும், அவுங்களுக்கு வாந்தி வரும்."

"அம்மா, மாமா உங்களை நடு இருக்கையில் அமரச் சொல்கிறார்" என்றாள் யாழினி, சனிக்கிழமைத் தமிழில்.

இப்படித்தான் வழியெல்லாம். ஒரே தெருவில், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு நடுவில், ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளை மொழிபெயர்ப்பாளர்! கேளம்பாக்கம் தாண்டும்போது, "நாஸ்தா துன்றாங்களா, நேரா மாமல்லபுரம் வுட்டுடவானு கேளு" என்றான். "நாஸ்தா என்றால் என்ன மாமா?" என்றாள் அவள். "டிபன் கண்ணு." "அம்மா, மாமா சிற்றுண்டி உண்கிறீர்களா என்று கேட்கிறார்." என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்.

மாமல்லபுரத்தில் இட்லிக்கு இறங்கினோம். எனக்குக் காரச் சட்னி ஆகாது என்பது அவனுக்கு மறக்கவில்லை. சர்வரிடம் மட்டும் சொன்னான். யாழினிக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நீங்களே ஏன் அம்மாவிடம் பேசக் கூடாது?"

"கேன்சல் ஆயிட்ச்சிம்மா."

"நான்தானே மாமா அப்படி எழுதினேன்? அது பிழையான வாக்கியம். ஆசிரியர்கூடத் திருத்திவிட்டார். அம்மாவுடைய பாஸ்போர்ட்தான் ரத்து. இந்தியா அங்கேயேதான் இருக்கிறது."

அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தான், வாயில் போடவில்லை. "அது தெரியும் கண்ணு" என்றான் கடைசியில். "எனுக்கும் தெரியும்." நான் முந்திக்கொண்டு பேச முடியாது. காய் விட்டது அவன். சட்டம் சட்டம்தான். ஆனால் அந்த இட்லி எனக்கும் இறங்கவில்லை.

காது குத்து, எங்கள் ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பை ஒட்டிய அம்மன் கோயிலில். முதலில் மொட்டைப் பிரச்சினை. யாழினி இரண்டு கையாலும் பின்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வேண்டிக்கொண்டது மொட்டை ஆயிற்றே! பூசாரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆத்தாகிட்ட கேன்சலு கெடையாதும்மா. ஆனா கன்செசன் உண்டு. பூ முடி குட்த்துட்டு போ."

மூன்று இடத்தில் கொஞ்சமாகக் கத்தரித்து அம்மன் காலடியில் வைத்தார்கள். யாழினி பெருமூச்சு விட்டாள். நானும்தான்.

பிறகு பாய் விரித்து, சேகர் புது வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். யாழினி அவன் மடியில் ஏறினாள். பத்து வயதுப் பிள்ளை, ஜெர்மன் பாலும் வெண்ணெயும் தின்று வளர்ந்தது. கால் இரண்டும் பாயைத் தாண்டித் தரையில் கிடந்தன. "மாமன் மடில பொண்ணா, பொண்ணு மடில மாமனா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. தேவி தோடு டப்பாவைத் திறந்தாள். "போன தீவாளிக்கே வாங்கி வெச்சிட்டாருண்ணி" என்று என் காதில் சொன்னாள். என்னைத் தலைமுழுகிய சூட்டோடு போய்த் தோடு வாங்கியிருக்கிறான் மகராசன்.

நான் எதிரே, பச்சரிசியும் வெல்லமும் வைத்த தட்டோடு மண்டி போட்டிருந்தேன். பத்தர் கம்பியை எடுத்துத் துடைத்தார். யாழினியின் காது மடலில் குங்குமத்தால் புள்ளி வைத்தார்.

"பயமா?" என்றான் சேகர்.

"இல்லை மாமா" என்றாள் யாழினி, உதட்டைக் கடித்துக்கொண்டு. "எனக்குப் பயமே இல்லை."

"தைரியசாலிப் பாப்பா" என்றார் பத்தர்.

ஆனால் சேகர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவை. கண் கலங்கியிருந்தது. அவளை அணைத்திருந்த கையில், அவள் முழங்கைக்கு அடியில், மற்றவர்களுக்குத் தெரியாதபடி இரண்டு விரல் மட்டும் என் பக்கம் நீண்டிருந்தது.

தட்டைக் கீழே வைத்தேன். வெல்லம் உருண்டது. என் இரண்டு விரலை நீட்டி அவன் விரலைத் தொட்டேன்.

"பயம்" என்றேன். அந்த ழ என் வாயில் வரவே இல்லை.

யாழினி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, காது எனக்குத்தானே குத்துகிறார்கள்? உங்களுக்கு என்ன பயம்?"